சீனத்துக்குக் குரல் கொடுத்தவர்

கனடாவின் ஸ்காபரோவில் இயங்கிய தமிழ் வானொலி மூடப்பட்டபோது அதிகம் கலங்கியவர் இக்னேசியஸ்தான். வார நாட்களில் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குபவர், சனி ஞாயிறுகளில் பதினாறு வருடம் அங்கே செய்தி வாசித்தார். கடையில் வாய் திறந்தால் போதும், "ரேடியோ இக்னேசியஸ் அண்ணையோ?" என்று ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு யாரும் திரும்பவில்லை.

அப்போதுதான் சீனாவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. 'கிழக்கு அலை' என்ற யூடியூப் சேனலுக்குத் தமிழ்க் குரல் வேண்டுமாம். அனுப்புவதை அப்படியே வாசித்தால் சரி. மலையைக் குடைந்த ரயில் பாதை, கம்யூனிஸ்ட் கட்சி வறுமையை ஒழித்த கதை எல்லாவற்றையும், வெளிச்சத்தம் பதிவாகாதிருக்க உடுப்பு அலுமாரிக்குள் நின்று வாசித்தார். ஒரு வருடத்தில் மூன்று லட்சம் பேர் சேர்ந்தார்கள். பெய்ஜிங்குக்கு அழைத்து மேடையில் ஏற்றினார்கள். திரும்பி வந்தவர் கட்சிக்காரர் போலவே பேசத் தொடங்கினார்.

"உதுகள் உண்மையோ எண்டு ஒருக்காவது விசாரிச்சனீங்களோ?" என்று மனைவி வேரோனிக்கா கேட்டாள்.

"நான் வாசிக்கிறன். எழுதினவன் பாத்துக்கொள்ளுவான்."

தொழிற்சாலையில் அவருக்குப் பக்கத்தில் நின்றவர் சென் என்ற சீனர். இருவரும் உடைந்த ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டே சாப்பாட்டைப் பகிர்ந்து உண்பார்கள். ஊரில் தன் மகள் வழக்கறிஞர் என்பதற்கு மேல் சென் எதுவும் சொன்னதில்லை.

போன மார்ச்சில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், சக தொழிலாளி றொய்சன் போனை நீட்டினார். "அண்ணை, உங்கட புது வீடியோ!"

சென்னும் எட்டிப் பார்த்தார். திரையில் கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண்; பின்னால் இக்னேசியஸின் குரல்.

"இது என் மகள்," என்றார் சென். "ஆறு மாதமாகச் சிறையில். நீ இவளைப் பற்றி என்ன சொல்கிறாய்?"

அந்நியர் காசுக்குத் தாய்நாட்டை விற்ற துரோகி என்று வாசித்தது இக்னேசியஸுக்கு நினைவிருந்தது. பிசிறில்லாமல் வாசித்திருந்தார்.

"வழக்கு நடக்கிறது என்று... வெறும் செய்திதான்."

சென் றொய்சனைப் பார்த்தார். றொய்சன் தலை குனிந்துகொண்டார். சென் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

வீடியோவை எடுத்துவிடும்படி இக்னேசியஸ் சேனலுக்கு எழுதினார். பதில் இல்லை. கடைசியில் தன் முகநூலில், "விசாரிக்காமல் பொய் வாசித்தேன். மன்னியுங்கள்," என்று பேசிப் போட்டார். மறுநாளே சேனல் அவரைக் கழற்றிவிட்டு, அதே செய்தியை வேறொருவர் குரலில் ஏற்றியது. புகழ்ந்தவர்களில் பாதிப் பேர் அவரைச் சீனாவின் கூலி என்று ஏசினார்கள். மீதிப் பேர் அமெரிக்காவின் கூலி என்றார்கள்.

"எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்," என்று சென்னிடம் போய்ச் சொன்னார்.

"தமிழிலா?"

"ஆம்."

"அவளுக்குத் தமிழ் தெரியாது," என்ற சென், அடுத்த வாரமே வேறு பகுதிக்கு மாறிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து, சீனத் துணைத் தூதரகக் கட்டடத்துக்கு எதிரே அந்தப் பெண்ணுக்காகச் சிலர் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார் இக்னேசியஸ். ஒரு சீனப் பெண் அவரிடம் பதாகை ஒன்றை நீட்டினாள். அவர் உடனே வாங்கவில்லை.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?"

"அவளை விடுதலை செய்."

வாங்கிப் பிடித்தார். மறுகோடியில் நின்ற சென் ஒரு தடவை பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.