சோபா வரைக்கும் கேட்ட குழாய்

ஒஸ்லோவின் ரொம்சோஸில் எங்கள் சமையலறைக்கு முன்பெல்லாம் ஒரு சுவர் இருந்தது. அதில் ஒரு கதவும் இருந்தது. மோர்டென்ஸ்ருட்டில் ஒரு நண்பர் சுவரை இடித்துச் சமையலறையையும் வரவேற்பறையையும் ஒன்றாக்கிவிட்டார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து என் கணவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நோர்வேக்காரர் எல்லோரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்களாம். அவர்கள் உருளைக்கிழங்கு அவிப்பார்கள், நாங்கள் கருவாடு பொரிப்போம் என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை. சுவர் போனது. ஒரு வாரத்துக்குள் அவருடைய புதுச் சோபாவில் கருவாட்டு மணம் ஏறிக்கொண்டது. எனக்கு அதில் பரம திருப்தி.

ஆனாலும் இழந்தது நான்தான். பாத்திரம் கழுவும் மெஷின் வீட்டில் உண்டு. இங்குள்ள பாதித் தமிழ் வீடுகளைப் போல அதற்குள் பெரிய சட்டிகள் குடியிருக்கின்றன. அதனால் மாலையில் கையால் கழுவியபடி, டொரொன்டோவில் இருக்கும் தங்கையோடு பேசுவேன். முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க மற்றவர்களின் கதையைக் கேட்டுவிட்டு வருகிற எனக்கு, என் கதையைச் சொல்ல அந்த நேரம் ஒன்றுதான். சுவர் போன பிறகு குழாயை முழுதாகத் திறந்துவிட்டுப் பேசப் பழகினேன். அந்த இரைச்சலில் சோபாவில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. எனக்கு மிஞ்சிய சுவர் அந்தச் சத்தம்தான்.

பிறகு ஒரு நாள் தண்ணீர் நூலாக மெலிந்துவிட்டது.

எங்கள் வீட்டு நிபுணர் யூடியூப் விவாதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே ஆராய்ந்தார். "பழைய கட்டடம். பைப்பெல்லாம் உக்கிப்போச்சு. ஒண்டும் செய்யேலாது," என்றார். அடுத்த கிழமை சுண்ணாம்பு அடைத்திருக்கிறது என்றார். ஒஸ்லோத் தண்ணீரில் ஏது சுண்ணாம்பு? கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். ஆனாலும் குழாய் நுனியில் இருக்கும் வலையைக் கழற்றி வினாகிரியில் ஊறப்போட்டேன். வினாகிரிதான் வீணாயிற்று. வலை முன்பும் பளிச்சென்று இருந்தது, பின்பும் அப்படியே இருந்தது. மேல்வீட்டுப் பெண்ணிடம் விசாரித்தேன், அங்கே நன்றாக வருகிறதாம். எங்கள் குளியலறையிலும் நன்றாகத்தான் வந்தது. உக்கிப்போன குழாய் என் சமையலறையை மட்டும் தேடிப் பிடித்து உக்கியிருக்கிறது! இதைச் சொன்னபோது, "உமக்கு இதுகள் விளங்காது," என்றார். பல்பு மாற்றவே ட்ரொன்ட்ஹெய்மில் படிக்கும் மகன் லீவில் வரட்டும் என்று இருட்டில் இருக்கிற மனிதர்.

இரைச்சல் போனதும் முதலில் குரலைத் தாழ்த்திப் பேசினேன். "ஏனக்கா களவாக் கதைக்கிறியள்?" என்று தங்கை சிரித்தாள். போகப்போக மறந்துபோய்ப் பழையபடியே பேசிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அவர் ஸ்ட்ரோம்மன் கடைகளுக்குப் போயிருந்தபோது, சிங்க்குக்குக் கீழே இருந்த அலமாரியைக் காலி செய்தேன். ஐஸ்கிரீம் டப்பாக்கள், பைகளுக்குள் பைகள், அரிசிச் சாக்கு. எல்லாவற்றுக்கும் பின்னால் இரண்டு சின்ன வால்வுகள், சுடுதண்ணீருக்கு ஒன்று, பச்சைத்தண்ணீருக்கு ஒன்று. திருப்புளியை வைத்துத் திருகுகிற வகை. இரண்டுமே முக்கால்வாசி மூடியிருந்தன. ஒன்று என்றால் தற்செயல் என்று விட்டிருப்பேன். திருப்புளியும் அங்கேயே, அரிசிச் சாக்குக்குப் பின்னால் கிடந்தது. கள்ள வேலையைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாத ஆள்.

பைகளோடு உள்ளே வந்தவரிடம் திருப்புளியைத் தூக்கிக் காட்டினேன். "இது ஆர் செய்த வேலை?"

"தண்ணிச் சத்தத்திலை நியூஸ் கேக்கேல்லை."

"ரீவிச் சத்தத்தைக் கூட்டி வைக்கத் தெரியாதோ?"

பைகளை இறக்காமல் நின்றார். "நீர் தங்கச்சியோடை என்னைப்பற்றி என்ன கதைக்கிறீர் எண்டு கேக்கத்தான் குறைச்சனான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. சுவரை இடித்தது போதாதென்று, மிச்சமிருந்த சத்தத்தையும் திருடியிருக்கிறார். "கேட்டு முடிஞ்சுதோ? காது குளிர்ந்துதோ?" என்றேன்.

"நீர் என்னைப்பற்றி ஒண்டுமே கதைக்கேல்லை," என்றார். "மனேஜரைத் திட்டுறீர். உம்மடை முழங்காலைத் திட்டுறீர். என்னை ஒருக்காத் திட்டுவீர் எண்டு பாத்துக்கொண்டே இருந்தனான்."

பிறகு பைகளை வைத்துவிட்டு என் கையிலிருந்த திருப்புளியை வாங்கினார். தொந்தியை மடக்கிக் குனிந்து, அலமாரிக்குள் தலையை விட்டு, இரண்டு வால்வுகளையும் திறந்தார். "இனி வடிவாத் திறந்துபோட்டுக் கதையும்," என்று உள்ளேயிருந்தபடியே சொன்னார்.

அவருக்குக் கொடுக்க என்னிடம் எப்போதும் ஒரு நக்கல் இருக்கும். அன்று அவர் கொண்டுவந்த பைகளைப் பிரித்து அடுக்கத் தொடங்கினேன். அவரைப்பற்றித் தங்கையிடம் என்ன சொல்லியிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். போனை வைக்கும் முன் அவள் ஒவ்வொரு முறையும் அத்தான் எப்படி என்று கேட்பாள்.

"இருக்கிறார்" என்பேன்.