முற்றுப்புள்ளியில் நிற்பவள்

எங்கள் பள்ளிக்கு டேப் என்கிற அந்தக் கைக்கணினி வந்த நாளிலிருந்தே எனக்கும் அதற்கும் ஆகாது. பிள்ளைகள் அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அது கேட்டு முடித்துவிட்டு, எந்தச் சொல் தப்பு, எங்கே தடுமாற்றம், பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று மதிப்பிட்டுச் சொல்லும். திரையில் காட்டுவதோடு விடாமல், சீனிப்பாகில் முக்கி எடுத்த ஒரு பெண் குரலில் அறிவுரையும் வரும். நான் இத்தனை வருஷம் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியதையே அது கொஞ்சிக் கொஞ்சிச் சொல்ல, பிள்ளைகள் அதற்கு மட்டும் தலையாட்டினார்கள். வயிற்றெரிச்சல் இல்லாமல் எப்படி இருக்கும்?

ஆனாலும் பெரும்பாலும் அது சொன்னது சரியாகத்தான் இருந்தது. எழுத்துக்கூட்டி வாசிப்பவனை எழுத்துக்கூட்டுகிறான் என்றது. மனப்பாடம் செய்துவிட்டு வாசிப்பதுபோல் நடிப்பவனையும் பிடித்துவிட்டது. அந்த ஒரு பெண்ணிடம் மட்டும்தான் அதன் கணக்கு உதைத்தது.

ஐந்தாம் வகுப்புப் பெண். வகுப்பிலேயே தெளிவாக வாசிப்பவள் அவள்தான். டேப்போ அவளை ஆகக் கீழ் நிலையிலேயே வைத்திருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே அறிவுரை: “நல்ல முயற்சி! வாக்கியங்களுக்கு இடையில் தயங்குகிறாய். நிற்காமல் வாசித்துப் பார்.”

உண்மைதான், நின்றாள். ஒரு வாக்கியம் முடிந்ததும் நின்றுவிடுவாள். மூச்சு வாங்குகிற நிறுத்தம் இல்லை அது. தலையை லேசாகச் சாய்த்து, எங்கேயோ காது கொடுத்து, ஒரு வாய் காப்பி குடிக்கிற நேரம் சும்மா இருப்பாள். பிறகு அடுத்த வாக்கியம். அதன் முற்றுப்புள்ளியிலும் அதே நிறுத்தம். ஏம்மா நிற்கிறாய் என்று கேட்டால் தரையைப் பார்ப்பாள். இனிமேல் நிற்க மாட்டேன் என்பாள். மறுநாளும் நிற்பாள்.

எங்கள் ஊர் போடியிலிருந்து ராசிங்காபுரம் போகிற பக்கம் இருக்கிறது. பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கணவாயான மெட்டைத் தாண்டி ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவர். இவளுடைய அம்மாவும் அப்படிப் போனவர்தான். போன சீசனில், காய் எடுக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர், ஜீப் போடிக்கு இறங்கிச் சேர்வதற்குள் போய்விட்டார். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

அப்பாவுக்கு எஸ்டேட்டிலேயே தங்குகிற வேலை; இந்த வருஷப் படிப்பு முடியும்வரை இவளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார். தேர்வு நெருங்கிய சமயத்தில் சொல்லியனுப்பி அவரை வரவழைத்தேன். போடியில் விடுதியோடு சேர்ந்த பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்கு இடம் இருந்தது. டேப் மேல் நிலை கொடுத்தால்தான் விண்ணப்பமே எடுத்துக்கொள்வார்கள். அதற்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புத்தான் மிச்சம் என்று அவரிடம் சொன்னேன்.

“ஆஸ்டல்ல எடம் கெடச்சா விட்டுட்டுப் போயிருவேன் டீச்சர்,” என்றார். “இல்லைன்னா மலைக்குத்தான் கூட்டிட்டுப் போவணும். பொட்டப்புள்ளைய ஒத்தையில யாருகிட்ட விடுறது?”

மலையில் அவர் தங்கியிருக்கும் லயத்து வரிசை வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. கூட்டிக்கொண்டு போனால் படிப்பு அத்தோடு சரி. அடுத்த வருஷமே அவள் கையிலும் காய்க்கூடை இருக்கும். நன்றாக வாசிக்கிறாள், ஆனால் இப்படி நின்று நின்று வாசிக்கிறாளே, என்ன பழக்கம் இது என்று கேட்டேன். அப்போதுதான் அவர் சொன்னார்.

ஏலச்செடி ஆளை மறைக்கும் உயரம். காய் அடியில் இருக்கும். எடுப்பவர்கள் தூரில் உட்கார்ந்துவிட்டால் பக்கத்துச் செடியில் இருப்பவர் யார் என்றே தெரியாது. அதனால் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார்கள். கேட்பவர் ‘ம்’ கொட்ட வேண்டும். ‘ம்’ வந்தால் ஆள் இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். லீவு நாளில் அம்மா இவளைக் கூடவே ஜீப்பில் கூட்டிப் போவார். தனக்கு எழுத்து தெரியாது என்பதால் பாடப்புத்தகத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே காய் எடுப்பார். ஒரு வரி வாசித்தால் இலைக்குள்ளிருந்து ஒரு ‘ம்’ வரும். அடுத்த வரி. அடுத்த ‘ம்’.

“அவங்கம்மா சரிஞ்ச அன்னைக்கு நடுவுல ம் வரலையாம் டீச்சர். பாடம் முடியப்போகுதுன்னு இவ நிக்காம வாசிச்சுட்டே போயிருக்கா. முடிச்சுட்டுத்தான் போய்ப் பாத்திருக்கா.”

எழுந்து கும்பிட்டுவிட்டு அவர் ஜீப்பைப் பிடிக்கப் போய்விட்டார். நிற்காமல் வாசி, நிற்காமல் வாசி என்று அந்தக் கருவி இவ்வளவு நாளாக அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தது எதை?

டேப்பில் பிள்ளைகள் வாசித்தது பதிவாகி இருக்கும். அன்று மத்தியானம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவளுடையதைக் கேட்டேன். “மழை பெய்தது.” அதற்குப் பிறகு மின்விசிறிச் சத்தம், தூரத்தில் பஸ்சின் ஹாரன். “குளம் நிறைந்தது.” காக்கை ஒன்று. முன்பு கேட்டபோது அவை வெறும் இடைவெளிகள். இப்போது ஒவ்வொன்றிலும் யாரோ பதில் சொல்ல வாயெடுப்பதுபோல் இருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். காதுக்குப் பக்கத்தில் இலை உரசியது என்று சத்தியம் செய்வேன். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது என்னையறியாமல் காது கொடுத்தேன். பஸ்சில் பின்சீட்டுக்காரி போனில் ‘ம்... ம்...’ என்றால் திடுக்கிட்டுத் திரும்பினேன். சாயங்காலம் மலைமேல் மேகம் இறங்கி மூடும்போது அந்தப் பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது. பேய் பிசாசு என்றால் கிண்டல் செய்கிறவள் நான். இது பேய் இல்லை. வராத ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் அது எங்கே போனாலும் கூடவே வந்தது.

ஒரு நாள் பயிற்சிக்காக அவளை உட்கார வைத்து, அவள் நின்ற இடத்தில் நானே மெதுவாக ‘ம்’ என்றேன். அவள் முகம் வெளிறிப்போனது. டேப் உடனே குறுக்கிட்டது: “வேறு குரல் கேட்கிறது. அமைதியான இடத்தில் மீண்டும் முயற்சி செய்.” அதை அப்படியே கிணற்றில் தூக்கிப் போடலாமா என்று வந்தது எனக்கு. அவளோ என்னைத்தான் பார்த்தாள். நான் யார் அந்த ‘ம்’ சொல்ல என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம் எடுத்துக்கொண்டேன். அதற்குமேல் நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

கடைசி வாய்ப்பு நாளன்று தலைமையாசிரியர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். மேசை, டேப், ஒரு ஸ்டூல். அவள் வந்ததும் மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து மேசைக்கு அந்தப் பக்கம், தனக்கு நேர் எதிரே போட்டாள். பாவாடை நுனியால் தூசியைத் தட்டினாள். எனக்குத்தான் போடுகிறாள் என்று நினைத்து உட்காரப் போனேன்.

“அங்க வேணாம் டீச்சர்,” என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

வாசிக்க ஆரம்பித்தாள். முதல் வாக்கியம் முடிந்தது. அவள் நாற்காலியை ஒரு பார்வை பார்த்தாள், அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டாள். மறுபடியும் ஒரு பார்வை, அடுத்தது. எங்கேயும் நிற்கவில்லை. குரல் ஆற்றுத் தண்ணீர்போல ஓடியது. பத்தி முடிந்ததும் திரையில் பச்சை நிறத்தில் மேல் நிலை என்று வந்தது. டேப்பை அணைத்துவிடாதே, அலுவலகத்துக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, இன்றைக்கு மட்டும் எப்படி முடிந்தது என்று கேட்டேன்.

“செடி மறச்சாத்தான டீச்சர் ம் சொல்லணும்,” என்றாள். “எதுத்தாப்புல உக்காந்திருந்தா கண்ணுக்குத் தெரியும்ல. சொல்ல வேண்டியதில்ல.”

நான் நாற்காலியைப் பார்த்தேன். காலி நாற்காலிதான். ஆனாலும் அதற்கும் மேசைக்கும் நடுவே நடந்துபோக என் கால் வரவில்லை.

அவள் டேப்பைத் தூக்கி அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாகத் தன் பக்கமே திருப்பிக்கொண்டாள். அம்மாவுக்குத்தான் எழுத்து தெரியாதே. திரையில் இருந்ததை ஒவ்வொரு சொல்லாக, நாற்காலிக்குக் கேட்கும்படி சத்தமாக வாசித்தாள். “மிக நன்று. எங்கும் நிற்காமல் வாசித்தாய். நீ அடுத்த இடத்துக்குப் போகலாம்.”

ஜன்னல் பக்கம் நின்றிருந்த நான், என்னையறியாமல் ‘ம்’ என்றுவிட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. நாற்காலியைப் பார்த்துச் சிரித்தாள்.