மரச்சிலுவையில் இருந்த பெயர்

லண்டன் மோர்டனில் இருக்கும் வீட்டுக்கு நாங்கள் வந்து பல வருடங்கள் ஆனபின், ஒரு தை மாதம் வீட்டைச் சூடாக்கும் பொயிலர் நின்றுபோனது. என் கணவர் தமிழ்க் கடையில் விசாரித்து, கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் ஒருவரை அனுப்பிவைத்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேசவில்லை. சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் பொயிலரின் மூடியைத் திறந்தார். நான் தேநீர் போட்டேன்.

தேநீரை வாங்கத் திரும்பியவர் கையை நீட்டியபடியே நின்றுவிட்டார். அவர் பார்த்தது சுவரில் தொங்கிய நாட்காட்டியை. லண்டனுக்கு வருமுன் நாங்கள் பன்னிரண்டு வருடம் இருந்த ஜெர்மன் ஊரின் படங்கள் போட்டது. அங்கே எங்களுக்கு அறை தந்த வீட்டுக்கார அம்மாவின் மகள் ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் ஒன்று அனுப்புவாள். அந்த மாதப் படத்தில் ஆறும் பாலமும், அதற்கு மேலே செங்குத்தான சரிவில் வானம்வரை திராட்சைக் கொடிகளும் இருந்தன.

“உந்தப் பாலத்துக்குக் கீழை ஒரு கல்படி இருக்கும். படகு கட்டுற படி,” என்றார்.

நான் ஓம் என்றேன். அந்தச் சின்ன ஊரில் எங்களைத் தவிர ஒரே ஒரு தமிழர்தான் இருந்திருக்கிறார். அவர் நாங்கள் போவதற்கு முன்பே அந்தப் படியில் இறங்கிச் செத்துப்போனவர்.

அவருடைய கதையை எனக்குச் சொன்னது வீட்டுக்கார அம்மாதான். கல்யாணமாகி நான் அங்கே போய்ச் சேர்ந்த முதல் வாரமே சொன்னாள். கணவர் வைன் போத்தல் நிரப்பும் நிலவறையில் வேலை செய்தார். எங்களுக்குக் கிடைத்தது அவளுடைய வீட்டின் கூரைக்குக் கீழே இருந்த அறை. நிமிர்ந்து நடந்தால் தலை இடிக்கும். யன்னலைத் திறந்தால் ஆறு. எங்களுக்கு முன் அந்த அறையில் நகரசபை ஓர் அகதிப் பையனைக் கொண்டுவந்து விட்டிருந்தது. நல்ல பிள்ளை, அறுவடைக் காலத்தில் முதுகில் கூடை கட்டிச் சரிவில் ஏறுவான் என்றாள். அவனுடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துக் கடிதம் வந்தது. அடுத்த நாள் காலை படகுப் படியில் அவனுடைய சப்பாத்துகள் சோடியாக இருந்தன. மூன்று கிழமை கழித்து, ஆற்றின் கீழ்ப்பக்கத்து அணைக்கட்டில் ஓர் உடல் ஒதுங்கியது. முகம் பார்த்துச் சொல்ல முடியாத நிலை. ஆனால் உடலில் இருந்த ஜக்கெட்டின் கழுத்துப் பட்டியில், அழியாத மையால் அவள் கைப்பட எழுதிய அவன் பெயர் இருந்தது. வீட்டில் எல்லோருடைய துணியும் ஒரே மெஷினில் போவதால் அவள் அப்படி எழுதி வைப்பாளாம். பொலிஸ் கூப்பிட, அவளே போய் ஓம், அவன்தான் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஊர்ச் செலவில் அடக்கம் செய்தார்கள். கல்லறைத் தோட்டம் சரிவின் நடுவில் இருந்தது. அதன் மதிலை ஒட்டியே திராட்சைக் கொடி தொடங்கும். கடைசி வரிசையில் ஒரு மரச்சிலுவை. அதில் அந்தப் பெயர், இரண்டு எழுத்துப் பிழையோடு. பொடியன் சைவ சமயம், சிலுவை அவனுக்குப் பொருந்தாது என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வேறு என்ன வைப்பது என்று தெரிந்திருக்காது.

கார்த்திகை, அதாவது நவம்பர், முதலாம் திகதி அங்கே எல்லோரும் கல்லறைக்குப் போகும் நாள். மத்தியானத்துக்குப் பின் ஊர் முழுக்கச் சரிவில் ஏறும். சிவப்புக் கூட்டுக்குள் மெழுகுதிரி ஏற்றி வைப்பார்கள். நாலு மணிக்கெல்லாம் ஆற்றிலிருந்து பனிப்புகார் எழும்பி வந்து மனிதர்களை இடுப்புவரை மூடிவிடும். வெளிச்சங்கள் மட்டும் தரையோடு தரையாகச் சிவப்பாக நிற்கும். முதல் வருடம் வீட்டுக்கார அம்மா என் கையில் ஒரு விளக்கைத் தந்து, அது உன் ஆள், நீ வை என்றாள். எங்கள் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை என்று சொல்ல எனக்கு அப்போது ஜெர்மன் போதாது. போனேன்.

பிறகு அது எனக்குப் பழகிவிட்டது. வேறு நாட்களிலும் போகத் தொடங்கினேன். சிலுவைக்கு முன்னால் குந்தியிருந்து களை பிடுங்குவேன். கதைப்பேன். கணவரைத் தவிரத் தமிழ் கதைக்க ஒரு மனுசர் இல்லாத ஊர் அது. கணவரும் விடிய இருட்டோடு போனால் இருட்டித்தான் வருவார். ஊரிலிருந்து வந்த கடிதங்களில் இருந்ததை அந்த மண்ணுக்குச் சொன்னேன். யார் இடம்பெயர்ந்தார்கள், யாருடைய வீட்டில் குண்டு விழுந்தது என்று சொன்னேன். முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனதை என் அம்மாவுக்குக்கூட எழுதவில்லை. சிலுவைக்குக் கீழே கிடந்தவருக்குத்தான் முதலில் சொன்னேன். எங்கள் ஆள் என்ற துணிச்சல்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புதினமாக இருந்தது. வீட்டுக்கார அம்மா அந்தக் கல்லறைக்கு முன்னால் ஒருநாளும் அவன் பெயரைச் சொன்னதில்லை. வீட்டில் வாய் நிறையச் சொல்லுவாள். அங்கே வந்தால் ‘இங்கே கிடப்பவர்’ என்பாள். இங்கே கிடப்பவருக்குத் தண்ணீர் ஊற்று. இங்கே கிடப்பவருக்கு ஒரு செபம் சொல்லுவோம். அது அவர்களுடைய மரியாதைப் பேச்சாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் மோர்டன் குசினியில் நின்று அந்த மனிதருக்கு நான் ஒழுங்காகச் சொல்லவில்லை. ‘அந்த ஊரிலை ஒரு தமிழ்ப் பொடியன் ஆத்திலை விழுந்து செத்தவன், உங்களுக்குத் தெரியுமோ’ என்றுதான் கேட்டேன்.

அவர் தேநீர்க் கோப்பையை பொயிலரின் மேல் வைத்தார். அது சரிந்து விழப் பார்த்தது. நான் எடுத்து மேசையில் வைத்தேன்.

“அவன் சாகேல்லை, தங்கச்சி,” என்றார். “அது நான்தான்.”

திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் செய்ததாம். செத்தவனை யாரும் தேடமாட்டார்கள். வைன் பீப்பா ஏற்றிப் போகும் லொறி ஒன்றில் விடியற்காலம் ஒளித்துப் போய், இரண்டு எல்லை தாண்டி, வேறொருவருடைய பாஸ்போட்டில் லண்டன் வந்து சேர்ந்திருக்கிறார். அந்தப் பாஸ்போட்டின் பெயர்தான் இன்றுவரைக்கும் அவருடைய பெயர். மனைவிக்குக்கூட மற்றப் பெயர் தெரியாது. தாய்க்கு மட்டும் ஆள் மூலம் தகவல் அனுப்பினாராம். தாயும் இப்போது இல்லை.

“சப்பாத்தைக் கழட்டி வைச்சனான். அதுக்கு மேலை ஜக்கெட்டை மடிச்சு வைச்சனான்.”

சப்பாத்து மட்டும்தான் இருந்ததாம் என்று நான் சொன்னேன். பிறகு மற்றதையும் சொல்ல வேண்டி வந்தது. உடல் கிடைத்தது, ஜக்கெட் அதில் இருந்தது, அடக்கம் செய்தார்கள், பன்னிரண்டு வருடம் நான் விளக்கு வைத்தேன். சொல்லச் சொல்ல அவருடைய முகம் சாம்பல் பூத்துப்போனது. உடல் கிடைத்த விஷயம் அவருக்கு இத்தனை வருடமும் தெரியாது. கதிரையை இழுத்து அதில் இருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

“அப்ப அங்கை கிடக்கிறது ஆர்?”

ஆறிப்போன அவருடைய தேநீரை எடுத்துக் கழுவுதொட்டியில் ஊற்றினேன். கைகள் விறைத்துப்போயிருந்தன. வீட்டில் சூடில்லாததால் என்று நினைக்கப் பார்த்தேன். தமிழே தெரியாத யாரோ ஒருவர் பன்னிரண்டு வருடம் என் கதைகளைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். என் பிள்ளையின் கதையையும்.

பொயிலரைத் திருத்திவிட்டுத்தான் போனார். பிறகு ஐந்தாறு கிழமை அவரிடமிருந்து சத்தமில்லை. நான் கணவருக்குச் சொன்னேன். நீர் அதை விட்டுவிடும், எங்களுக்கு ஏன் என்றார். ஆனால் அவருமே அந்த நாட்களில் நாட்காட்டியின் பக்கம் பாராமல்தான் சாப்பிட்டார். மாசி பிறந்தும் நான் தாளைத் திருப்பவில்லை. ஒருநாள் பார்த்தால் அவரே அதைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்திருந்தார்.

பங்குனியில் வீட்டுக்கார அம்மாவின் மகளிடமிருந்து வாட்சப்பில் தகவல் வந்தது. கல்லறைத் தோட்டத்தின் கடைசி வரிசைக்குத் தவணை முடிந்துவிட்டதாம். அங்கே இடத்தை வருடக் கணக்கில்தான் கொடுப்பார்கள். முடிந்தால் மட்டமாக்கிப் புல் விதைத்துவிடுவார்கள். நீ விளக்கு வைத்த இடம் என்பதால் சொல்கிறேன் என்று எழுதியிருந்தாள். அம்மா முதியோர் இல்லத்தில் இருக்கிறாள், காது மந்தம், மற்றப்படி புத்தி கூர்மை என்றும் எழுதியிருந்தாள்.

அந்தத் தகவலை நான் பொயிலர் திருத்தியவருக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனியாக வந்தார். அம்மாவைப் பார்க்க ஏலுமோ என்று மட்டும் கேட்டார்.

குசினி மேசையில் போனைச் சாய்த்து வைத்தேன். மகள் இல்லத்தில் நின்று அந்தப் பக்கம் போனைப் பிடித்தாள். வீட்டுக்கார அம்மா சிறுத்துப்போயிருந்தாள். முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவர் என் பக்கத்தில் வந்து இருந்து, முப்பது வருடத்துக்கு மேல் பேசாத ஜெர்மனில் வணக்கம் சொன்னார். அவள் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள். அவள் திடுக்கிடுவாள் என்று நான் போனை மூடுவதற்கே கையை வைத்திருந்தேன். திடுக்கிடவில்லை.

“உன் தலைமுடி எல்லாம் போய்விட்டது,” என்றாள். பிறகு அவருடைய பழைய பெயரைச் சொன்னாள்.

மகள் அந்தப் பக்கத்தில் ஏதோ கேட்டாள். அம்மா அவளைச் சட்டை செய்யாமல் பேசினாள். அவளுக்குக் காது கேளாததால் உரத்த குரல். அந்தக் குரலில் அவள் சொன்னது எங்கள் குசினி முழுக்க நிறைந்தது. பொலிஸ் துணியை விலக்கி ஜக்கெட்டைக் காட்டினார்களாம். தன் எழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டாளாம். பிறகு கால்கள் கண்ணில் பட்டன. அவனுக்குக் குளிருக்குக் காலுறை பின்னிக் கொடுத்தவள் அவள். அவனுடைய பாதம் அவளுடைய கையளவுதான். அங்கே கிடந்தது பெரிய பாதம், வெறும் பாதம். படியில் இருந்த சப்பாத்துகள் அந்தக் கால்களுக்குள் போகாது என்று அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

“அவன் இல்லை என்று சொன்னால் உன்னைத் தேடுவார்கள். ஆம் என்று சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் அந்த மனிதனைத் தேடவில்லை,” என்றாள். “அவனுக்கும் குளிர்ந்திருக்கும். அதுதான் படியில் இருந்த ஜக்கெட்டை எடுத்துப் போட்டிருக்கிறான். எப்படித் தண்ணீருக்குள் போனான் என்று எனக்குத் தெரியாது.”

அவர் மேசையில் நெற்றியை வைத்துவிட்டார். போனில் அவள் அவருடைய மொட்டைத் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். தன் ஜக்கெட்தான் அதை எடுத்தவனைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போனதா என்று தமிழில் கேட்டார். அவளுக்கு அதை மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. அவள் என்னைப் பார்த்து, உனக்குச் சொல்லாதது பிழை, நீ அங்கே போய்க் கதைத்துக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறேன், அதைக் கெடுக்க முடியவில்லை என்றாள். மகள் அழுதாள். அவளுக்கும் இது புதுக் கதை.

மட்டமாக்க முன் பெயரைச் சிலுவையிலிருந்து எடுத்துவிட வேண்டும், பொய்ப் பெயரோடு அவனை அழிக்கக்கூடாது என்று அம்மா மகளிடம் கேட்டாள். மகள் அடுத்த நாளே போய்ப் பெயர்த் தகட்டைக் கழற்றினாள். நகரசபையில் அந்த வருடம் காணாமல்போனவர்கள் யாரும் உண்டா என்று பட்டும் படாமல் விசாரித்தாள். ஒருவரையும் பதிந்திருக்கவில்லை. சித்திரையில் வரிசை முழுவதும் புல்லாகிவிட்டது. அவள் படம் அனுப்பினாள். எந்த இடம் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ஆடி அமாவாசைக்கு அவர் எங்களையும் கோயிலுக்கு வரச் சொன்னார். அவருடைய மனைவியும் வந்திருந்தாள். தகப்பனுக்குச் செய்கிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தகப்பனுக்கும் தாய்க்கும் செய்து முடித்தபின் ஐயர் வேறு யாருக்கும் உண்டா என்று கேட்டார். ஓம், ஒருத்தருக்கு என்றார் அவர். பெயர் கேட்டார் ஐயர். அவர் கையிலிருந்து எள்ளும் தண்ணீரும் ஒழுகிக்கொண்டிருந்தன. ஐயர் இரண்டாம் முறை கேட்டார். அப்போது அவர் ஐயருக்கு மட்டும் கேட்கத் தன்னுடைய பழைய பெயரைச் சொன்னார். வேறு எந்தப் பெயரை அவர் சொல்ல முடியும்? மண்ணுக்குக் கீழே அந்த மனிதன் அத்தனை வருடம் அந்தப் பெயரோடுதானே கிடந்தான்.

ஐயர் அதை மந்திரத்துக்குள் வைத்து உரக்கச் சொன்னார். எழுத்துப் பிழை இல்லாமல், தமிழ் வாயால் அதைச் சொல்லி நான் முதல்முறையாகக் கேட்டேன். பெயருக்குரியவர் அங்கே உயிரோடு குந்தியிருந்து, தன் பெயருக்கே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவி என் பக்கம் சாய்ந்தாள். ஒருநாளும் கேள்விப்படாத பெயராக இருக்கிறதே, இவருக்கு ஒரு தமையன் இருந்தவரோ அக்கா என்று மெல்லக் கேட்டாள்.

நான் ஓம் என்றேன்.