சுருக்கி வந்த சேதிகள்

தந்தி ஆபீஸ் வேலை என்பது பாதிக்கு மேல், அனுப்பியவர் எழுதாமல் விட்டதைப் படிக்கிற வேலை.

சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தால் மக்கள் சேதியை எலும்பு தெரியும்வரை சுரண்டிவிடுவார்கள். அதிலும் நம் தமிழ் ஆங்கில எழுத்தில்தான் வரும். குறில், நெடில் கிடையாது. ல, ள, ழ மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே எழுத்து. மலாயா சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில் மலாக்கா டவுனில் கவுண்டரில் உட்கார்ந்து இதையெல்லாம் பிரித்துச் சொன்னவன் நான். அந்தத் தாளோடு மல்லுக்கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பாடு அவர்களுக்குப் புரியும்.

மாலை வரும்

புக்கிட் பாருவில் சாலை வேலை மேஸ்திரி முனியாண்டி வீட்டில் கல்யாணம். ஈப்போவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அடித்த தந்தியில் இரண்டே சொல்: MALAI VARUM. மாலை வரும் என்று படிக்கலாம். அது பூமாலையா, சாயங்காலம் வருகிறோம் என்கிறார்களா தெரியாது. மழை வரும் என்றும் படிக்கலாம், அங்கே அப்போது நல்ல மழை. மலை ஒன்றுதான் வராது என்று முனியாண்டியிடம் நிச்சயமாகச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, பூக்காரரிடம் ஒரு மாலையை எடுத்து வைக்கச் சொன்னார். சமையலைச் சாயங்காலத்துக்குத் தள்ளினார். பந்தல்மேல் தகரம் போட்டார். கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியது சாயங்காலம், கொட்டுகிற மழையில், வாழை இலையில் சுற்றிய மாலையோடு. பந்தலில் சொட்டு ஒழுகவில்லை. சாப்பாடு சூடாக இருந்தது. பந்தியில் என் இலைக்கு எதிரே வந்து நின்று முனியாண்டி சொன்னார்: "தந்தி சரியாத்தான் இருந்துச்சு தம்பி. ஒண்ணைக்கூட விடல."

ஒரே மூச்சு

குடும்பத்தோடு கப்பலில் வந்து இறங்கிய செட்டியார் ஒருவர் ஊருக்குத் தந்தி எழுதிக் கொடுத்தார். 'வந்துசேர்ந்தோம்', அவ்வளவுதான். எங்கள் மேலதிகாரி மலாக்காவின் போர்த்துகீசிய வம்சத்துக்காரர், தமிழ் தெரியாதவர். இவ்வளவு நீளமா, இரண்டு மூன்று சொல்லை ஒட்டிவைத்திருக்கிறாரா என்று அவருக்குச் சந்தேகம். செட்டியாரைச் சொல்லிக் காட்டச் சொன்னார், பிறகு என்னையும் சொல்லச் சொன்னார். இருவரும் நடுவில் நிறுத்தாமல் சொன்னோம். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் நல்லபடியாக வந்துவிட்டோம் என்று விளக்கினேன். அவர் ஒரு சொல் என்றே கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டுவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "உங்கள் ஆட்கள் உலகத்தில் தந்தி வருவதற்கு முன்பே மொழியை அதற்குத் தயாராக்கிவிட்டார்கள்."

ஒரு எழுத்து

கம்பியில் வரும் டக் டக் ஓசையைக் காதால் கேட்டு எழுத்தாக்குபவர் தேவராஜ். நான் அவரை அண்ணன் என்ற பொருளில் மலாயில் அபாங் என்பேன். காஜா பேராங்கில் என் வீட்டுக்கு அடுத்த சந்து, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய மலாக்கா செட்டி குடும்பம். அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். சாமி பெயர்களையும், என்னைக் கூப்பிடும் 'தம்பி'யையும் விட்டால் அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தமிழ்ச் சேதிகளை எழுத்து பிசகாமல் இறக்குவார்.

தெங்கேராவில் இருக்கும் லாரி டிரைவர் கண்ணையாவின் மனைவி பிரசவத்துக்குத் தெலுக் ஆன்சனில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். முந்திய பிரசவம் நல்லபடியாக முடியவில்லை. அதனால் அவர் தினமும் சரக்கு இறக்கிவிட்டு வந்து கவுண்டரில் கேட்பார். அன்றும் நின்றுகொண்டிருந்தார். வெளியே இடி, கம்பியில் ஒரே இரைச்சல். அபாங் தாளை நீட்டினார். 'குழந்தை இறந்தது தாய் நலம்' என்று இருந்தது.

தாளைக் கண்ணையா பார்க்காதபடி திருப்பிப் பிடித்தேன். அபாங் என் முகத்தைப் பார்த்து என்ன சேதி என்று மெதுவாகக் கேட்டார். நானும் காதோடு மலாயில் சொன்னேன். அவர் தாளைத் திரும்ப வாங்கி இரண்டாவது சொல்லைத் தொட்டுக் காட்டினார். அதற்கு முன்னால் இரைச்சலில் ஏதோ அமுங்கிய மாதிரி தனக்குப் பட்டதாகவும், அதை வெறும் இடி என்று நினைத்துவிட்டதாகவும் சொன்னார். அங்கே ஒரு P இருந்தால் குழந்தை பிறந்தது என்று ஆகும் என்றேன். அவர் உடனே உட்கார்ந்து, மறுபடி அனுப்பச் சொல்லித் தட்டினார். பதில் இல்லை. விடாமல் தட்டினார். கம்பி சரியில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று மட்டும் கண்ணையாவிடம் சொன்னேன்.

ஒருவழியாக எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. அபாங் P-யைத் தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினார். நான் வாய் திறக்குமுன் அவரே எழுந்து நின்று, குழந்தை பிறந்துவிட்டது என்று மலாயில் கண்ணையாவிடம் சொன்னார். தாயும் நலம் என்று நான் பிறகு சேர்த்தேன். கண்ணையா கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல சேதிதானே? அதுக்கு ஏன் ரெண்டு பேரும் இப்படி வேர்த்துப் போய் நிக்கிறீங்க?"

பதில்

சுதந்திரம் வருவதற்கு முந்திய மாதங்களில், ஊருக்குத் திரும்புவதா இங்கேயே இருந்துவிடுவதா என்பதுதான் நம் வீடுகளில் பேச்சு. ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் அஞ்சலைக்குத் துறையூரிலிருந்து அண்ணன் தந்தி அடித்திருந்தார். கப்பலுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது, புறப்பட்டு வா என்று. பதிலுக்கும் அவரே கட்டணம் கட்டியிருந்தார்.

அஞ்சலை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். புருஷனை எரித்தது இந்த மண்ணில், மகள் படிப்பது இங்கே, செங் என்ற இடத்தில் குடியிருக்கும் வீட்டின் பின்னால் தான் வைத்த ரம்புத்தான் மரம் இந்த வருஷம்தான் காய்த்திருக்கிறது, அண்ணன் மனசு நோகக் கூடாது. தாள் நிறைந்துவிட்டது. குறைக்க உட்கார்ந்தேன். ஒரு வரியை எடுத்தால் அண்ணனிடம் சண்டை போடுகிற மாதிரி இருந்தது. இன்னொன்றை எடுத்தால் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. நான் அடித்து அடித்து எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், 'இருக்கிறேன்' என்று மட்டும் போடச் சொன்னாள்.

அண்ணன் அதை உயிரோடு இருக்கிறேன் என்று படித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அஞ்சலை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்படிப் படிச்சாலும் சரி, இங்கேயே இருக்கேன்னு படிச்சாலும் சரி. ரெண்டும் நெசந்தானே, ஐயா."

இந்த நாலு சேதியைச் சொல்லவே எனக்கு இவ்வளவு காகிதம் பிடித்திருப்பதைப் பார்த்தால், இத்தனை வருஷம் அந்தக் கவுண்டரில் உட்கார்ந்தும் தந்தி அடிக்க மட்டும் நான் கற்றுக்கொள்ளவில்லை என்றுதான் தெரிகிறது.