டிரைவர் பக்கத்து சீட்

மதியம் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் வந்தேன். முன்சீட்டில் இருவர், போன வாரம் கார் விபத்தில் இறந்த நம் கபடி ஸ்டாரைப் பற்றிய வீடியோவைச் சத்தமாக வைத்துப் பார்த்தார்கள்.

"தண்ணி போட்டுட்டு ஓட்டியிருப்பான் மச்சான்."

"இல்ல மாமா, பெட்டிங் தகராறாம். கமெண்ட்ல போட்டுருக்காங்க."

பொறுக்க முடியவில்லை. "அவரு எங்க காலேஜ் சீனியர். குடிக்கவே மாட்டாருங்க" என்றேன்.

"அப்பறம் நேர் ரோட்டுல எப்புடிம்மா புளியமரத்துல மோதும்?"

எனக்கு என்ன தெரியும்? தெரிந்தது ஒன்றுதான். வெளியூர் மேட்ச் முடிந்து காலேஜ் வேனில் திரும்பும்போது, பெண்கள் டீம், ஆண்கள் டீம் எல்லோரும் வாயைப் பிளந்து தூங்குவோம். அவர் மட்டும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, சிதம்பரம் வரும்வரை பேசிக்கொண்டே வருவார். "டிரைவர் அண்ணன் கண்ணசந்தா மொத்த டீமும் அவுட்டு" என்பார்.

விபத்தன்று காரில் தனியாகத்தான் வந்தாராம்.

அதை அவர்களிடம் சொன்னேன். "பேச்சுத் துணைக்கு ஆளில்ல, தூங்கிருப்பாரு" என்றேன். வீடியோ நின்றது.

இறங்கிய பிறகுதான் உறைத்தது, நான் சொன்னதும் யூகம்தானே. வீடியோ போட்டவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

இப்போது நடுராத்திரி. பாப்பா தூங்கிவிட்டாள், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இந்த காலேஜ் குரூப்பில் இருக்கும், அந்த வேனில் தூங்கிக்கொண்டே வந்தவர்களே, யாராவது முழித்திருக்கிறீர்களா?