கோலாலம்பூரில் ஒரு தூக்கம்

கொரியாவில் சரியாக லீவே கிடைக்காத நான்கு வருட வேலையை முடித்து இன்று இலங்கையில் இருக்கும் என் ஊர் ராகலைக்குத் திரும்புகிறேன். மலிவான டிக்கெட் என்பதால் கோலாலம்பூரில் ஒன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

ஊரைச் சுற்றிப் பார்க்கலாமென்று பஸ் ஏறிப் போனேன். ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில், ஊருக்குப் போகிற கதையைச் சொல்லிக்கொண்டே ரொட்டி சாப்பிட்டதும் மேசையிலேயே தூங்கிவிட்டேன்.

கடைக்கார அக்கா தோளை உலுக்கினார். “தம்பி, பிளைட் எத்தன மணிக்கு?”

“அஞ்சரைக்குங்க.”

“இப்பவே மூணு!”

பதறிப்போனேன். அவரே காரில் ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்கு வண்டியை விரட்டினார்.

“கொஞ்சம் முந்தியே எழுப்பியிருக்கலாமேக்கா?”

“ரெண்டு தடவ எழுப்புனேன். ‘இன்னைக்கு எனக்கு லீவுங்க’ன்னு சொல்லிட்டு மறுபடியும் படுத்துட்ட.”

விமானத்தைப் பிடித்துவிட்டேன்.

கொரியாவில் இருக்கிற நம்ம ஆளுங்களே, நீங்களும் தூக்கத்தில்தான் லீவு எடுக்கிறீங்களா?