பாம்புக்காது

எங்கள் பட்டறையில் என் தங்கை வீட்டுக்காரருக்குப் பெயர் பாம்புக்காது. கார் கண்ணாடி ஏறவில்லை என்று யார் வந்தாலும் அவர் கரண்ட் பார்க்கிற மீட்டரை எடுக்க மாட்டார். யாரையாவது சுவிட்சை அழுத்தச் சொல்லிவிட்டு, கதவில் காதை வைப்பார். 'டக்' என்று மட்டும் கேட்டால் மோட்டார் போய்விட்டது. முனகினால் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, கண்ணாடி ஓடுகிற ரப்பர்தான் இறுகிப் பிடிக்கிறது. கரகரத்தால் உள்ளே இழுக்கிற கம்பி நைந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் சொன்னது சொன்னபடியே இருக்கும். தங்கைக்கு வரன் பார்த்தபோது, "பேச்சு குறைவு, காது கூர்மை. நம்ம வாயாடிக்கு இதைவிட என்ன வேணும்?" என்று நான்தான் முடித்துவைத்தேன்.

நான் டிங்கர். நசுங்கிய தகட்டைச் சுத்தியலால் தட்டி நேராக்குவது என் வேலை. பதினெட்டு வருடமாக அவருக்குப் பக்கத்திலேயே நின்று தட்டுகிறேன். காலையில் வந்ததும் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொள்வேன். அவரிடமும் நீட்டியிருக்கிறேன். "எனக்குக் காதுதானே மச்சான் வேலையே" என்று சிரித்துவிட்டு, வாங்காமலே போய்விடுவார்.

இந்த வருடம் அவர் போக்கே மாறிவிட்டது. ரப்பரைத் துடைத்துக் கொஞ்சம் சிலிகான் ஸ்ப்ரே அடித்தால் தீர்ந்துபோகிற வண்டிக்கெல்லாம் மோட்டாரை மாற்றினார். மூன்றாம் நாளே அதே நோயோடு வண்டி திரும்பி வந்தது. ஒன்றல்ல, நான்கு வண்டி. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. "வீட்லயும் அப்படித்தான் அண்ணா. உங்க பட்டறையில அவரை என்னதான் பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று தங்கை அழுதாள். "கொழுப்பு, வேறென்ன?" என்றேன். அவர் முதுகைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டுவேன். பதில் வராது. பதில் வராததற்கும் சேர்த்துத் திட்டுவேன்.

ஒருநாள் ஸ்க்ரூடிரைவரின் பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு, முனையைக் கதவில் ஊன்றி, கண்ணை மூடி நின்றார். "என்ன மாப்பிள்ளை, என் தங்கச்சி பட்டினி போடறாளா? கதவைக் கடிக்கிறீங்க?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதத்தைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

அப்புறம் அந்த நர்ஸின் கார் வந்தது. பதினேழு வருடத்து வண்டி. பின்கதவுக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. அந்தக் கதவின் சுவிட்ச் எப்போதோ போய்விட்டது. யாரோ சொன்னார்கள் என்று நர்ஸே ரப்பருக்குள் இன்ஜின் ஆயிலை ஊற்றியிருந்தார். ரப்பர் ஊறி உப்பிக் கிடந்தது. மாப்பிள்ளையோ மோட்டார்தான் என்று புதிதாக ஒன்றை மாட்டிவிட்டார். கண்ணாடி சாய்ந்து சாய்ந்து ஏறியது. "மதியம் டூட்டிக்குப் போகணும், சீக்கிரம்" என்று நர்ஸ் பக்கத்திலேயே நின்றார்.

இப்படிப்பட்ட கண்ணாடிக்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சுவிட்சை அழுத்துவார். நான் பின்னால் வெளியே நின்று, இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியைப் பிடித்துத் தூக்கிக்கொடுப்பேன். 'ம்' என்றால் அழுத்துவார், 'போதும்' என்றால் விடுவார். அன்று மேல் ஓரத்தில் ரப்பர் மடிந்திருந்தது. விரலை உள்ளே விட்டு நிமிர்த்தினேன். "இருங்க மாப்பிள்ளை, கை உள்ள இருக்கு" என்றேன். கண்ணாடி ஏறியது.

கத்தினேன். அவர் திரும்பவில்லை. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" தெருவில் போனவர்கள்கூட ஓடிவந்தார்கள். அவர் மட்டும் சுவிட்சில் வைத்த விரலை எடுக்காமல், கண்ணாடி முழுதாக ஏறட்டும் என்று காத்திருந்தார். நர்ஸ் ஓடிப்போய் அவர் தோளில் அடித்தார். திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு சுவிட்சைக் கீழே அழுத்து அழுத்தென்று அழுத்தினார். உப்பிய ரப்பர் கண்ணாடியைக் கவ்விக்கொண்டு விடவில்லை. "ஐயோ மச்சான், ஐயோ மச்சான்" என்று குதித்துவந்து கண்ணாடியைப் பிடித்துத் தொங்கினார். அது இறங்கியபோது என் இரண்டு விரல்கள் விரல்களாக இல்லை.

நர்ஸ் விரல்களைச் சேர்த்துத் துணியால் கட்டினார். கட்டிக்கொண்டே மாப்பிள்ளையைக் கேட்டார். "அண்ணா, அவர் அத்தனை தடவை கத்தினாரே, உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

மாப்பிள்ளை நர்ஸின் உதட்டையே பார்த்தார். பிறகு கண்ணீர் வழிய, பணிவாகச் சொன்னார்: "இன்னிக்கே முடிச்சுக் குடுத்துடறேம்மா."

அவருக்கு நேராகப் போய் நின்று, வாயை நன்றாகத் திறந்து கேட்டேன். "எத்தனை நாளா?"

"ஒரு வருஷமா" என்றார். "பல்லுல வெச்சா அதிர்றது மட்டும் தெரியுது. என்ன சத்தம்னு தெரியல. மோட்டாரை மாத்திட்டா எப்படியும் ஓடிடும்னு மாத்தினேன். இனிமே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இரைச்சல்லயே இருந்து இருந்து நரம்பு செத்துப்போச்சாம். உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க மச்சான். இதை விட்டா எனக்கு ஒரு வேலையும் தெரியாது."

எந்த இரைச்சல் என்று நான் கேட்கவில்லை. என் சுத்தியல் அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. பதினெட்டு வருடமும் என் காதில் பஞ்சு இருந்தது. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது. "மன்னிச்சிடுங்க மாப்பிள்ளை" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டதால் அது அவருக்குப் போய்ச்சேரவில்லை.

அவர் அதற்குள் உப்பிய ரப்பரை உருவி எறிந்திருந்தார். பழைய கதவு ஒன்றிலிருந்து நல்ல ரப்பரைக் கழற்றி மாட்டினார். நர்ஸ் என்னை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னார். ஐந்து நிமிடம் என்றேன்.

"மச்சான், ஒரே ஒரு தடவை காதை வெச்சுச் சொல்லுங்க. முனகுதா, கரகரங்குதா?" என்றார்.

பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டுக் கதவில் காதை வைத்தேன். அவர் சுவிட்சை அழுத்தினார். உள்ளே ஏதோ ஓடியது. முனகலா, கரகரப்பா? அழுத்தி வைத்துக் கேட்டேன். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது. அவர் சீட்டில் முழுதாகப் பின்னால் திரும்பி உட்கார்ந்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.